கார் கொதிக்கிறது! குற்றவாளி யார்?

ஓடினால் சூடு இல்லை. நின்றால் கொதிக்கிறது!

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பலர் சொல்லும் புகார் இது.

திண்டிவனத்தில் இருந்து செங்கல்பட்டு வரை வண்டி ஜோராக வருகிறது. சூடு காட்டும் முள் நடுவில் நிற்கிறது. அசையவில்லை. தாம்பரத்தை நெருங்கியதும் நெரிசல். வண்டி நிற்கிறது, ஊர்கிறது, மறுபடியும் நிற்கிறது. பத்து நிமிடத்தில் முள் மேலே ஏறுகிறது. ஏ.சி.யில் குளிர்ச்சி குறைகிறது. பின் சீட்டில் குழந்தை அழ ஆரம்பிக்கிறது.

மறுநாள் வண்டி பட்டறைக்குப் போகிறது.

"ரேடியேட்டர் அடைத்திருக்கும், மாற்றிவிடலாம்" என்கிறார் மெக்கானிக். மாற்றுகிறார்கள். ஒரு வாரம் கழித்து, அதே நெரிசல், அதே கொதிப்பு. "அப்படியானால் வாட்டர் பம்ப்பாக இருக்கும்." அதுவும் மாறுகிறது. கொதிப்பு மட்டும் மாறவில்லை! கடைசியில், "என்ஜின் ஹெட்டைத் திறந்து பார்த்துவிடலாமா?" என்ற கேள்வி வருகிறது.

வண்டிக்காரர் வீட்டில் அன்று இரவு யாருக்கும் தூக்கம் இல்லை. வாடகைக்கு ஓடும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். வண்டி பட்டறையில் நிற்கும் நாளில் வருமானம் கிடையாது. கடன் தவணை மட்டும் நிற்காது.

இத்தனைக்கும், உண்மையான குற்றவாளி ஒளிந்துகொண்டு இருக்கவில்லை. பானெட்டைத் தூக்கியதும் கண் முன்னால் தெரிகிறது. ரேடியேட்டருக்குப் பின்னால், விசிறியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் ஃபேன் கிளட்ச்.

எந்தக் கிளட்ச்?

கிளட்ச் என்றதும் இடது காலால் மிதிக்கும் கிளட்ச்தான் நினைவுக்கு வரும். அது வேறு. இது வேறு.

என்ஜினில் உண்டாகும் சூட்டைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே காற்று பட்டு ஆறுகிறது. வண்டி வேகமாக ஓடும்போது காற்று தானாகவே முகத்தில் அடிக்கிறது. நிற்கும்போது? அப்போது விசிறிதான் காற்றை இழுக்க வேண்டும்.

பழைய அம்பாசடர் காரில் இந்த விசிறி வாட்டர் பம்ப்போடு சேர்த்து இறுக்கி முடுக்கப்பட்டு இருந்தது. என்ஜின் சுற்றினால் விசிறியும் சுற்றும். அதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. ஆனால் வீண் செலவு உண்டு. விசிறியின் வேகம் 2 மடங்கு ஆனால், அதைச் சுற்றத் தேவைப்படும் சக்தி 8 மடங்கு ஆகிறது! நெடுஞ்சாலையில், தேவையே இல்லாத நேரத்தில், விசிறி எரிபொருளைத் தின்றுகொண்டு இரைச்சல் போடும்.

இதைத் தடுக்க வந்த தரகர்தான் ஃபேன் கிளட்ச். வேண்டும்போது விசிறியைப் பிடிப்பார். வேண்டாதபோது நழுவ விடுவார்.

சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய அலுமினிய வட்டு அது. உள்ளே தேன் போல் கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. பல்பல்லாக வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று தொடாமல் எதிர் எதிரே நிற்கின்றன. நடுவில் எண்ணெய் வந்தால் ஒரு தட்டு மற்றொன்றை இழுத்துக்கொண்டு சுற்றும். எண்ணெய் ஒதுங்கிக்கொண்டால் நழுவும்.

எண்ணெய்க்கு வழிவிடுவது யார்? வட்டின் முன்பக்கத்தைப் பாருங்கள். கொசுவத்திச் சுருள் மாதிரி ஒரு சின்ன உலோகச் சுருள் இருக்கும். சில வண்டிகளில் பட்டையாக இருக்கும். அதில் இரண்டு உலோகங்கள் ஒட்டி இருக்கின்றன. சூடு பட்டால் ஒன்று அதிகமாக நீளும். மற்றது குறைவாக நீளும். அதனால் சுருள் திரும்பும். உள்ளே இருக்கும் கதவு திறக்கும். ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சுட்டால் கதவு திறந்து விசிறி சீறுகிறது. காற்று ஆறினால் கதவு மூடி விசிறி சோம்புகிறது.

கம்பி இல்லை. மின்சாரம் இல்லை. கம்ப்யூட்டரும் இல்லை! கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்றுதான் சொல்ல வேண்டும்.

என்ஜின் நீளவாட்டில் அமைந்து, பின் சக்கரத்தை ஓட்டும் வண்டிகள் பலவற்றில் இது உண்டு. 2000 முதல் 2005 வரை இந்தியாவில் விற்ற டொயோட்டா குவாலிஸ் ஓர் உதாரணம். 2005-ல் அதன் இடத்துக்கு வந்த இன்னோவா இன்னொன்று. இரண்டும் தமிழ்நாட்டில் வாடகை வண்டியாக ஓடி ஓடித் தேய்ந்தவை. மாருதி 800 வைத்திருப்பவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதில் என்ஜின் குறுக்குவாட்டில் இருக்கிறது. விசிறி மின்சாரத்தில் சுற்றுகிறது. அங்கே பார்க்க வேண்டியது மோட்டாரும் பியூசும்தான்.

சுற்றுகிறதே, சார்!

ஃபேன் கிளட்ச் ஒரே நாளில் சாவதில்லை. எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. சுருளில் சேறும் துருவும் பிடிக்கின்றன. பேரிங் தேய்கிறது. இதைச் சொல்ல டாஷ்போர்டில் விளக்கு எதுவும் கிடையாது.

இதில் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. கிளட்ச் கெட்ட பிறகும் விசிறி சுற்றும்! நல்ல கிளட்ச்கூட, நழுவும் நிலையில், தன்னைச் சுற்றும் அச்சின் வேகத்தில் சுமார் 20 முதல் 30 சதவீத வேகத்தில் விசிறியைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கெட்டுப்போனது எந்நேரமும் அந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. பானெட்டைத் தூக்கிப் பார்ப்பவர், "விசிறி நன்றாகச் சுற்றுகிறதே, சார்" என்று சொல்லிவிட்டு ரேடியேட்டரைக் கழற்றப் போய்விடுகிறார்.

மின்சாரம் குறைவாக வரும் இரவில் வீட்டு மின்விசிறியைப் பார்த்திருப்பீர்கள். சுற்றும். ஆனால் கீழே படுத்திருப்பவருக்குக் காற்று வராது. அதே கதைதான் இது.

முதல் கேள்வி

எப்போது கொதிக்கிறது? இதுதான் முதல் கேள்வி. இதற்குக் காசு இல்லை. ஸ்பானரும் தேவை இல்லை.

திறந்த சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கொதித்தால், ஃபேன் கிளட்ச்சின் மேல் பழி போடக் கூடாது. அங்கே காற்று தாராளமாக வருகிறது. ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர்க் குறைவு, வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கட் ஆகியவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நிற்கும்போதும், பாரம் ஏற்றிக்கொண்டு மெதுவாக மலை ஏறும்போதும் மட்டும் கொதித்தால், விசிறியின் பக்கம் திரும்பிப் பாருங்கள். கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. என்ஜின் முழு மூச்சோடு உழைக்கிறது. வண்டியோ நடந்து போகிற வேகத்தில் திரும்புகிறது. முகத்தில் அடிக்கக் காற்று ஏது? அங்கே என்ஜினைக் காப்பாற்றுவது விசிறி ஒன்றுதான்.

இரண்டாவது சாட்சி ஏ.சி. அதன் கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. இந்த விசிறிதான் அதற்கும் காற்றை இழுக்கிறது. ஓடும்போது ஏ.சி. குளிர்ந்து, நிற்கும்போது வெதுவெதுப்பாக வந்தால், கேஸ் நிரப்ப ஓடாதீர்கள். முதலில் ஃபேன் கிளட்ச்சைச் சோதியுங்கள்.

அரை மணி நேரச் சோதனை

சோதனையைக் காலையில் செய்ய வேண்டும். என்ஜின் ஆறி இருக்க வேண்டும். சாவி சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

விசிறியைக் கையால் தள்ளுங்கள். பாகுக்குள் கரண்டியைச் சுற்றுவது போல் லேசாகக் கனக்க வேண்டும். தள்ளியதும் பம்பரம் போல் பல சுற்றுகள் ஓடினால் எண்ணெய் போய்விட்டது. அசையவே மறுத்தால் உள்ளே இறுகிவிட்டது. இரண்டும் ஆகாது.

அடுத்து, இறக்கையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கால் அங்குலத்துக்கு மேல் ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. வட்டின் நடுவில் இருந்து வெளிப்பக்கமாகக் கதிர் கதிராக எண்ணெய்க் கோடுகளும், அவற்றில் ஒட்டிய தூசியும் தெரிகின்றனவா? அதுதான் கசிவு. கொசுவத்திச் சுருள் உடைந்திருக்கிறதா, சேறு அப்பி இருக்கிறதா என்றும் பாருங்கள். இறக்கைகளில் கீறலைத் தேடுவதற்கும் இதுதான் சமயம்.

இப்போது ஸ்டார்ட் செய்யலாம். கை, துண்டு, சேலைத் தலைப்பு எதுவும் விசிறியின் பக்கம் போகக் கூடாது.

காலையில் முதல் சில நிமிடங்கள் விசிறி இரையும். பயப்பட வேண்டாம். இரவில் எண்ணெய் உள்ளே இறங்கித் தங்கி இருக்கும். அது ஒதுங்கியதும் சத்தம் அடங்கிவிடும். இதை நோய் என்று எண்ணி நல்ல கிளட்ச்சைக் கழற்றி எறிந்தவர்களும் உண்டு! அடங்கவே இல்லை என்றால்தான் கோளாறு. அப்படி இறுகிப்போன கிளட்ச்சால் வண்டி கொதிக்காது. டீசல் வீணாகும். இழுவையும் குறையும்.

பிறகு ஏ.சி.யைப் போட்டு, வண்டியை நிறுத்தின இடத்திலேயே ஓட விடுங்கள். முள்ளைக் கவனியுங்கள். சூடு ஏற ஏற, ஒரு கட்டத்தில் புயல் காற்று போல் "ஹோ" என்ற இரைச்சல் கேட்க வேண்டும். கிளட்ச் பிடிக்கும் சத்தம் அது. முள் வழக்கமான இடத்தைத் தாண்டி மேலே போகிறது. விசிறியோ வாய் திறக்கவில்லை என்றால், குற்றவாளி அகப்பட்டுவிட்டார். முள் சிவப்புக் கோட்டைத் தொடும் வரை காத்திருக்க வேண்டாம். உடனே என்ஜினை நிறுத்திவிடுங்கள்.

நல்ல பட்டறைகளில் சுற்று வேகத்தை அளக்கும் கருவி இருக்கிறது. இறக்கையில் ஒரு துண்டு ஒளிரும் டேப்பை ஒட்டி, தூரத்தில் நின்றே அளக்கலாம். என்ஜின் வேகத்தை மாற்றாமல், ஆறியிருக்கும்போது எவ்வளவு, சூட்டில் எவ்வளவு என்று பார்த்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

வேறொரு சோதனையும் சில பட்டறைகளில் நடக்கிறது. பத்திரிகையைச் சுருட்டி, சுற்றும் விசிறிக்குள் நீட்டுகிறார்கள். நின்றுவிட்டால் கிளட்ச் கெட்டதாம்! பத்திரிகை படிப்பதற்கு இருக்கிறது. விசிறி நல்லதாக இருந்தால் காகிதத்தோடு நிற்காது, விரலையும் கேட்கும். இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

தீர்ப்புக்கு முன்

கிளட்ச்சைத் தூக்கில் போடும் முன்பு வேறு மூன்று பேரையும் விசாரித்துவிட வேண்டும். பெல்ட் தளர்ந்திருக்கலாம். கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் சேறும் பூச்சியும் அடைத்திருக்கலாம். மூன்றாவது ஆள்தான் முக்கியம். விசிறியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூண்டு உண்டு. ஷ்ரவுட் என்பார்கள். ரேடியேட்டர் வேலை பார்த்த பிறகு இதைத் திரும்ப மாட்டாமல், "வெறும் பிளாஸ்டிக்தானே" என்று மூலையில் போட்டுவிடுகிற பட்டறைகள் இருக்கின்றன. கூண்டு இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காது. பக்கத்துக் காற்றையே கடைந்துகொண்டு இருக்கும்.

இரண்டு குறுக்கு வழிகள்

கண்டுபிடித்த பிறகும் சிலர் நேர் வழியில் போவதில்லை.

ஒன்று, கிளட்ச்சை அசையாமல் போல்ட் போட்டு இறுக்கிவிடுவது. விசிறி எந்நேரமும் சுற்றும். கொதிப்பு நிற்கும். உண்மைதான். நடுவழியில் மாட்டிக்கொண்டவர் வீடு வந்து சேர்வதற்கு அப்படிச் செய்தால் மன்னிக்கலாம். வந்து சேர்ந்த பிறகும் அதையே வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டுவதைத்தான் மன்னிக்க முடியாது. அந்த வண்டியின் விசிறி, உயர்ந்த வேகத்தில் சுற்றுவதற்குச் செய்யப்பட்டது அல்ல. இறக்கை உடைந்து பறந்தால் ரேடியேட்டரைக் கிழிக்கும். வாட்டர் பம்ப்பின் பேரிங்குக்கும் கேடு.

இன்னொன்று, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" என்ற வாதம் பட்டறைக்குப் பட்டறை கேட்கிறது. வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. என்ஜினைச் சரியான சூட்டில் வைத்திருப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் என்ஜின் அளவுக்கு மேல் ஆறிப்போகும். எரிபொருள் அதிகம் குடிக்கும். சில என்ஜின்களில் விளைவு நேர்மாறாகவும் இருக்கும். சுடு தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் என்ஜினுக்கே திரும்பிவிடும். கொதிப்பு கூடும்!

காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் தெர்மாமீட்டரை உடைப்பதைப் போன்ற வைத்தியம் இது.

யாருடைய தவறு?

மெக்கானிக்கை மட்டும் திட்டுவது எளிது. அது நியாயம் இல்லை.

டாக்டரிடம் போகிறோம். நாடி பார்க்கிறார், நாலு கேள்வி கேட்கிறார். மருந்தே எழுதாமல், "ஒன்றும் இல்லை, போய் வாருங்கள்" என்றாலும் பீஸ் கொடுத்துவிட்டு வருகிறோம். மெக்கானிக் அரை மணி நேரம் குனிந்து பார்த்து, "ரேடியேட்டர் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிக் கூலி கேட்டால்? "பார்த்ததற்குக் காசா?" என்று சண்டைக்குப் போகிறோம். பார்த்ததற்குக் கூலி கிடையாது, மாற்றியதற்குத்தான் கூலி. அப்படியானால் அவர் எதையாவது மாற்றத்தானே செய்வார்?

மாற்றும் முன் பார்க்க வேண்டும். பார்ப்பதற்குத் தனியாகக் கூலி கொடுக்க வேண்டும். "எந்தச் சோதனை செய்தீர்கள், என்ன தெரிந்தது?" என்று வண்டிக்காரர் கேட்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. தொழில் தெரிந்த மெக்கானிக் சந்தோஷமாகச் சொல்வார். விசிறியைத் தள்ளிக் காட்டுவார். எண்ணெய்க் கோட்டைத் தொட்டுக் காட்டுவார். முகம் சுளிப்பவரிடம் வண்டியை விடாமல் இருப்பது மேல்.

இதில் மிச்சமாவது சில ஆயிரம் ரூபாய் மட்டும் அல்ல. கொதிக்கக் கொதிக்க ஓட்டிய என்ஜினில் அலுமினிய ஹெட் வளைந்துபோகும். கேஸ்கட் எரியும். தண்ணீரும் ஆயிலும் கலந்து, ஆயில் பால் விட்ட காபி மாதிரி ஆகிவிடும். அதன் பிறகு வரும் பில்லுக்கு முன்னால் ஃபேன் கிளட்ச்சின் விலை ஒன்றுமே இல்லை. வாடகை வண்டி ஒன்றையே நம்பி இருக்கும் குடும்பம் அந்தப் பில்லோடு எழுந்திருப்பது கஷ்டம்.

வழியில் கொதித்தால்

சரி, பட்டறைக்குப் போகும் முன்பே, வழியில் முள் ஏறிவிட்டால் என்ன செய்வது?

முதலில் ஏ.சி.யை நிறுத்துங்கள். அப்புறம், ஹீட்டர் இருக்கும் வண்டி என்றால் அதை முழுதாகத் திறந்துவிடுங்கள். "வெயிலில் ஹீட்டரா!" என்று பின் சீட்டில் இருந்து கூச்சல் வரும். வரட்டும். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். அப்படியும் முள் இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியின் மேல் மட்டும் கை வைக்காதீர்கள். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. 0.9 பார் மூடி போட்ட வண்டியில் தண்ணீர் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கி நிற்கும். மூடியைத் திறந்த அடுத்த நொடி முகத்தில் பாயும். நன்றாக ஆறட்டும். பச்சைத் தண்ணீரைக் கொதிக்கும் என்ஜினில் ஊற்றினால் இரும்பும் விரிசல் விடும்.

புதிது மாட்டும்போது

கிளட்ச் கெட்டது உறுதி என்றால், புதிது வாங்குவதே நல்லது. புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அதுவும் உங்கள் வண்டியில் இருந்ததைப் போலவே வயதானதுதான். சில ஜப்பான் வண்டிகளில் கிளட்ச்சைப் பிரித்து, அதற்கென்றே விற்கும் சிலிக்கோன் எண்ணெயை நிரப்ப முடியும். பேரிங் ஆடாமல் இருந்தால் அது பலன் தரும். என்ஜின் ஆயிலை ஊற்றி ஒப்பேற்றுவது மட்டும் பலிக்காது.

கடையில் இருந்து வீட்டுக்கு வரும் வழியில் கிளட்ச்சைப் படுக்க வைக்க வேண்டாம். வண்டியில் நிற்கும் வாக்கிலேயே நிறுத்தி வைக்க வேண்டும். படுத்தால் எண்ணெய் இடம் மாறும், கசியவும் கூடும். கழற்றும்போது வாட்டர் பம்ப்பையும் ஆட்டிப் பாருங்கள். ஆடும் கிளட்ச் பம்ப்பின் பேரிங்கையும் கெடுத்திருக்கலாம். சில வண்டிகளில் நட்டு எதிர்ப்பக்கமாகக் கழலும். பி.எம்.டபிள்யூ. கார்கள் பலவற்றில் அப்படித்தான். தெரியாமல் பலம் காட்டினால் மரை போய்விடும்.

மாட்டி முடித்ததும் பில்லை எடுக்காதீர்கள். ஏ.சி.யைப் போட்டு, பட்டறை வாசலிலேயே வண்டியை ஓட விடச் சொல்லுங்கள். கால் மணி நேரம் ஆகட்டும். முள் நடுவில் நிற்க வேண்டும். ரேடியேட்டர் சுட்டதும் அந்த "ஹோ" சத்தம் கேட்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்க வேண்டும். அதைக் காதால் கேட்ட பிறகு கூலியைக் கொடுங்கள். பார்த்ததற்கும் சேர்த்துக் கொடுங்கள்.